‘லா பயாதேர்’ பாலேயில் பழையது எது?

‘லா பயாதேர்’ (‘கோவில் நடனக்காரி’) பாலே எந்த நாட்டில் மேடையேறினாலும் நிகழ்ச்சிக் கையேட்டில் இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரி: ‘நடன அமைப்பு – மாரியுஸ் பெட்டிபா, 1877’. அடுத்த வரியில் ‘பெட்டிபாவைத் தழுவி’ என்ற குறிப்போடு பிற்கால அமைப்பாளர் ஒருவரின் பெயர். அது மகரோவாவாக இருக்கலாம், நூரியெவாக இருக்கலாம், பொனொமார்யோவ்–சாபுக்கியானி என்று இருவராகவும் இருக்கலாம். ரசிகர்கள் பெரும்பாலும் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு, ‘இதுதான் மரபு, இதில் கைவைக்காதே’ என்று வாதாடுகிறார்கள். இரண்டாம் வரியைக் கொஞ்சம் கிளறினால் அந்த வாதம் ஆட்டம் கண்டுவிடும்.

முதலில் கதை. இந்தியக் கோவிலொன்றில் ஆடும் நிக்கியாவும் போர்வீரன் சொலோரும் காதலர்கள். புனிதத் தீயின் முன் அவன் சத்தியம் செய்து தருகிறான். ராஜா துக்மந்தா தன் மகள் கம்சாத்தியை அவனுக்கு நிச்சயிக்கிறார். அவனும் வாயைத் திறப்பதில்லை. நிச்சயதார்த்த விழாவில் ஆட வரும் நிக்கியாவுக்கு ஒரு பூக்கூடை தரப்படுகிறது. அதற்குள் பாம்பு. அவள்மீது ஆசை வைத்திருக்கும் தலைமைப் பூசாரி விஷமுறிவு மருந்தை நீட்டுகிறார். சொலோர் கம்சாத்தியின் பக்கமே நிற்பதைக் கண்ட நிக்கியா மருந்தை மறுத்து உயிரை விடுகிறாள். அபின் மயக்கத்தில் சொலோர் நிழல்களின், அதாவது இறந்தவர் ஆவிகளின், உலகுக்குப் போய் அவளைச் சந்திக்கிறான். கடைசி அங்கத்தில் திருமணம் நடக்கும்போது தெய்வக் கோபத்தில் கோவில் இடிந்து எல்லோரும் மடிகிறார்கள்.

1877-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியபோது இது நான்கு அங்கம், ஏழு காட்சி. இசை லுட்விக் மின்குஸ். நிக்கியாவாக எகத்தெரினா வாசெம், சொலோராக லெவ் இவானவ். சொலோரின் பாத்திரத்தில் அப்போது அபிநயமே அதிகம், ஆட்டம் குறைவு. நிழல்கள் ஆடியது இன்று நாம் பார்க்கும் நீல இருட்டில் அல்ல. வானத்து மாளிகையொன்றில், நல்ல வெளிச்சத்தில். 1900-இல் மாரின்ஸ்கி அரங்கில் மறுபடி அமைத்தபோதுதான் பெட்டிபா அந்தக் காட்சியை இமயமலைப் பாறைகளின் இருளுக்கு மாற்றினார். 32 ஆக இருந்த நிழல்களை 48 ஆக்கினார். ஆக, தன் படைப்பை முதலில் மறுகற்பனை செய்தவர் பெட்டிபாவேதான்.

அவர் 1910-இல் இறந்தார். 1917 ரஷ்யப் புரட்சிக்குப் பிந்தைய ஆண்டுகளில் நான்காம் அங்கம் மேடையிலிருந்து காணாமல் போனது. காரணமாகப் பல கதைகள் உண்டு: கோவில் இடிவதைக் காட்ட மேடைத் தொழிலாளர் போதவில்லை, வெள்ளத்தில் மேடைப் பொருட்கள் பாழாயின, தெய்வத் தண்டனை புதிய அரசுக்கு ஒவ்வவில்லை என்று. எது உண்மையானாலும் விளைவு ஒன்றுதான். 1941-இல் லெனின்கிராட் கிரோவ் அரங்குக்காக (செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மாரின்ஸ்கியின் சோவியத் காலப் பெயர்) விளாதிமிர் பொனொமார்யோவும் வாக்தாங் சாபுக்கியானியும் அமைத்த பதிப்பு நிழல்களோடு முடிகிறது. உலகெங்கும் ‘மரபு’ என்று போற்றப்படுவது பெரும்பாலும் இந்த 1941-தான்.

அதில் எதெல்லாம் புதிது? கடைசி அங்கத்தில் இருந்த சொலோர்–கம்சாத்தி நடனத்தைப் பிய்த்து நிச்சயதார்த்தக் காட்சியில் ஒட்டினார்கள். சொலோர் பறக்கத் தொடங்கினான். சாபுக்கியானி பாய்ச்சலுக்குப் பேர்போனவர். தான் ஆடுவதற்கேற்பப் பாத்திரத்தை வளர்த்துக்கொண்டார். நிக்கியாவும் அடிமை ஒருவனும் ஆடும் இருவர் நடனத்தை 1954-இல் கான்ஸ்தந்தீன் செர்கேயெவ் சேர்த்தார். எல்லாவற்றுக்கும் மேலாகப் பொற்சிலையின் ஆட்டம். உடம்பெல்லாம் பொன்னிறம் பூசிய இளைஞன் இரண்டே நிமிடத்தில் கைத்தட்டலை அள்ளிக்கொண்டு போவானே, அது 1948-இல் நிக்கொலாய் சுப்கோவ்ஸ்கி தனக்காக அமைத்தது. பெட்டிபா இறந்து 38 ஆண்டுகளுக்குப் பின். அதை எடுத்துவிட்டால் ‘மரபைக் கெடுத்துவிட்டார்கள்’ என்ற கூச்சல்தான் முதலில் எழும்.

சேர்த்ததைக்கூட மன்னிக்கலாம். இடம் மாற்றியதுதான் கதையின் முதுகெலும்பை முறித்தது. பழைய அமைப்பில் கம்சாத்தியோடு சொலோர் ஆடும் நடனம் திருமணத்தன்று நடக்கும். நிக்கியாவின் நிழல் நடுநடுவே புகுந்து அவனைக் கலைக்கும். அவன் கண்ணுக்கு மட்டும் தெரிந்து, கைக்கு அகப்படாமல் போகும். குற்ற உணர்வை நடன அடிகளாலேயே சொன்ன இடம் அது. அதே இசையை நிச்சயதார்த்தத்துக்கு முன்னிழுத்ததும் நிழலுக்கு வேலையில்லாமல் போனது, ஏனென்றால் நிக்கியா அப்போது உயிரோடுதான் இருக்கிறாள். மிஞ்சியது வெறும் கொண்டாட்டம். அதைவிட மோசம், சொலோர் உற்சாகமாகத் துள்ளி முடித்த அடுத்த சில நிமிடங்களில் நிக்கியா செல்லோவின் அழுகையோடு பூக்கூடை நடனத்துக்கு வருகிறாள். பார்ப்பவருக்கு அவன்மீது துளி இரக்கமும் வராது. தீயின் முன் செய்த சத்தியம், கூடையில் பாம்பு வைத்த குற்றம் இரண்டுமே கணக்குத் தீர்க்கப்படாமல் திரை விழுகிறது.

இந்த ஓட்டையை அடைக்க வந்தவர் நத்தாலியா மகரோவா. 1980-இல் அமெரிக்கன் பாலே தியேட்டருக்காக அவர் முழு பாலேயை அமைத்தபோது கடைசி அங்கத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். அப்போது அதன் பழைய இசை கைக்கு எட்டவில்லை. ஜான் லாஞ்ச்பெரி புதிதாக எழுதிக் கொடுத்தார், மற்ற அங்கங்களின் வாத்திய அமைப்பையும் கனமாக்கினார். அடிகள் பெரும்பாலும் மகரோவாவுடையவை. 1989 முதல் லண்டன் ராயல் பாலேயும் இந்தப் பதிப்பைத்தான் ஆடுகிறது. கதையளவில் இது 1877-க்கு நெருக்கம். இசையளவிலும் அடியளவிலும் அந்த அங்கம் 1980-இன் பண்டம். நூரியெவ் 1992-இல் பாரிஸ் ஓபராவில் அமைத்தது நேரெதிர். அவர் கிரோவில் கற்ற 1941-ஐ ஒட்டியே போய் நிழல்களோடு முடித்தார். அரங்கேறிய மூன்று மாதத்தில் அவர் மறைந்தார். அந்தப் பதிப்பின்மேல் பாரிஸ் ரசிகர்களுக்கு இருக்கும் பக்தியில் இதற்கும் பங்குண்டு.

இனி, எல்லாவற்றையும் விடப் பழையதற்குப் போகலாம். விளாதிமிர் ஸ்டெபானவ் என்ற ரஷ்ய நடனக் கலைஞர் உடலசைவை இசைக்குறிப்பைப்போல எழுதும் முறையொன்றை வகுத்து 1892-இல் பாரிஸில் வெளியிட்டார். ஒன்பது கோடுகள். மேல் இரண்டு தலைக்கும் உடற்பகுதிக்கும், நடு மூன்று கைகளுக்கும், கீழ் நான்கு கால்களுக்கும். யார் எங்கிருந்து எங்கே நகர்கிறார் என்பதை மேடை வரைபடமாகத் தனியே குறிப்பார்கள்; அபிநயப் பகுதிகளில் பாத்திரங்கள் என்ன ‘சொல்கிறார்கள்’ என்பதை வசனமாகவே எழுதிவைப்பார்கள். 1900 காலத்து ‘லா பயாதேர்’ இந்த முறையில் பதிவாயிற்று. மேடை மேலாளர் நிக்கொலாய் செர்கேயெவ் புரட்சிக்குப் பின் இந்தத் தாள்களை மூட்டைகட்டிக்கொண்டு ரஷ்யாவை விட்டுக் கிளம்பினார். 1930-களில் லண்டனில் ‘ஜிசெல்’, ‘அன்னப்பறவை ஏரி’, ‘உறங்கும் அழகி’ எல்லாம் வேரூன்றியது இவற்றை வைத்துத்தான். 1969 முதல் இந்தத் தாள்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

தாளைப் பார்த்து அப்படியே ஆடிவிடலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். எழுதியவர்கள் அவசரத்தில் கால்களை மட்டும் குறித்துவிட்டுக் கைகளையும் தலையையும் பல இடங்களில் விட்டுவிட்டார்கள். ஆண்களின் தனி ஆட்டங்கள் பல முழுமையாக இல்லை. ஆடுபவர் தனக்குப் பிடித்ததை ஆடும் வழக்கம் அப்போது இருந்தது. அந்த இடைவெளிகளைப் பழைய புகைப்படம், விமரிசனம், அதே காலத்துப் பயிற்சி முறை ஆகியவற்றைக் கொண்டுதான் நிரப்ப முடியும். எனவே ‘மறுமீட்பு’ என்ற சொல்லுக்குள்ளும் அமைப்பாளரின் ஊகம் கணிசமாக இருக்கும். அதை ஒளிக்காத அமைப்பாளர்களே நம்பத் தகுந்தவர்கள்.

செர்கேய் விகாரெவ் 2002-இல் மாரின்ஸ்கியில் இந்தத் தாள்களைக் கொண்டு 1900 பதிப்பை எழுப்பினார். மின்குஸின் கடைசி அங்க இசையும் திரும்பி வந்தது, தாமரை நடனம் ஆடும் சிறுமிகளும் வந்தார்கள். பொற்சிலை கிடையாது. ஆனால் அது நிலைக்கவில்லை. மாரின்ஸ்கி 1941-க்கே திரும்பியது. அங்கே ஒவ்வொரு கலைஞரும் சிறுவயது முதல் 1941-ஐ உடம்பில் ஏற்றிக்கொண்டவர். தாத்தா பாட்டி காலத்திலிருந்து பார்த்துவந்த பதிப்பை ‘இது பிற்காலச் சேர்க்கை’ என்று சொன்னால் எந்த ஊரில்தான் கேட்பார்கள்? அலெக்ஸேய் ரட்மான்ஸ்கி 2018 நவம்பரில் பெர்லின் அரசு பாலேயில் அதே முயற்சியைச் செய்தார். பெர்லினில் அப்படியொரு பரம்பரைப் பிடிவாதம் இல்லை.

இந்த மறுமீட்புகளில் கண்ணுக்கு முதலில் படுவது கால் உயரம். இன்று அரபெஸ்கில் (ஒரு காலில் நின்று மறுகாலைப் பின்னால் நீட்டும் நிலை) பின்கால் தலைக்கு மேல் போகிறது. அன்று இடுப்பு மட்டத்தோடு நின்றது. வேகச் சுழல்களைக் கால்விரல் நுனியில் அல்லாமல் அரைப்பாதத்தில் சுற்றினார்கள். ஒற்றைக்கால் சுழலில் மடித்த காலைக் கணுக்காலுக்குச் சற்று மேலேயே வைத்தார்கள், முழங்காலுக்கு ஏற்றவில்லை. கால் குறைந்த தூரம் போவதால் அடிகள் விரைவாக முடியும். இசையும் அதற்கேற்ற வேகத்தில் ஓடும். இன்றைய கலைஞரிடம் இதைக் கேட்டால் தடுமாறுகிறார், ஏனென்றால் அவர் தசைகள் பழகியது உயரத்துக்கு. காலைத் தாழ்த்தச் சொன்னால் ஆட்டம் சோம்பலாகத் தெரியும் என்று அஞ்சுகிறார். பாதி உயரம், பாதி வேகம் என்று சமரசம் செய்துகொள்வதுதான் வழக்கமான கோளாறு. அப்போது இரண்டு காலத்தின் அழகும் கிடைக்காது.

நிழல்கள் காட்சியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். விறைப்பாக விரிந்த வெள்ளை டூட்டூ பாவாடை, கைகளில் மெல்லிய துகில். சரிவுப் பாதையின் உச்சியில் ஒருவர் தோன்றுகிறார். ஓரடி முன்வைத்து, தாங்கும் முழங்காலை மடித்து அரபெஸ்க்; எழுந்து பின்னே எடையை மாற்றி, கைகளைத் தலைக்கு மேல் வளைத்து முதுகை வில்லாக்குதல்; இரண்டு அடி நடை. மறுபடி அதே. அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று மேடை நிறையும்வரை இதுவே. மாரின்ஸ்கி, பாரிஸ் அரங்குகளில் 32 பேர். ராயல் பாலேயிலும் அமெரிக்கன் பாலே தியேட்டரிலும் 24. பெரிய குழுவில் முதலில் இறங்குபவர் அந்த அரபெஸ்கை முப்பதுக்கும் மேற்பட்ட முறை போடவேண்டும். கடைசியாக வருபவருக்குச் சில தடவைதான். ஆகவே யாரை முன்னால் நிறுத்துவது என்பது அழகைப் பொறுத்த கேள்வி அல்ல, தொடையின் உறுதியைப் பொறுத்தது.

இதில் என்னென்ன பிசகும்? சரிவில் பாதம் முன்னே வழியப் பார்க்கும். அதைத் தடுக்க விரல்கள் இறுகினால் கணுக்கால் நடுங்கும். பின்காலை மிக உயர்த்தினால் உடல் முன்னே கவிழ்ந்து அடுத்த அடி தாமதமாகும், பின்னால் வருபவர் நெருங்கிவிடுவார், வரிசையின் இடைவெளி கலையும். 24 பேரில் ஒருவர் கால் ஒரு சாண் உயர்ந்தால் அரங்கின் கடைசி வரிசைக்கும் தெரியும். இசையை மிக மெதுவாக நடத்தினால் ஒற்றைக் காலில் நிற்கும் நேரம் கூடி, நடுக்கம் முதலில் முன்வரிசையில் தொடங்கும். இறக்கம் முடிந்ததும் இன்னொரு சோதனை: சமதளத்தில் எல்லோரும் ஒருகாலைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தி நிறுத்தவேண்டும். அத்தனை அரபெஸ்குகளுக்குப் பின் சூடேறிய தொடைகள் அங்கேதான் துரோகம் செய்யும்.

துகில் நடனமும் அப்படித்தான். நிக்கியாவும் சொலோரும் நீண்ட துகிலின் இரு முனைகளைப் பிடித்திருக்க, அவள் தனியே சுழன்று அரபெஸ்கில் நிற்கவேண்டும். ஒருமுறை ஒரு பக்கம், அடுத்தமுறை மறுபக்கம். துணி தளர்ந்தால் தரையில் புரண்டு, விரல்நுனியில் நிற்க அணியும் பாயிண்ட் ஷூவில் சிக்கும். இறுகினால் அவள் அச்சையே இழுத்துச் சாய்த்துவிடும். சுற்றைத் தொடங்கும் கணத்தில் சொலோர் ஒரு கை அளவு துணியை விட்டுக்கொடுக்கவேண்டும். எல்லோரும் அவளைப் பார்க்க, வேலை பாதி அவன் மணிக்கட்டில் நடக்கிறது.

நிழல்கள் காட்சிக்குக் கதையே தேவையில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். 1963-இல் நூரியெவ் லண்டனிலும், 1974-இல் மகரோவா நியூயார்க்கிலும் அதை மட்டும் தனியே பெயர்த்து மேடையேற்றினார்கள். இந்தியா இல்லை, பாம்பு இல்லை, எதுவும் குறையவில்லை.

இந்தியா என்ற அடுக்குதான் இந்த பாலேயின் மிக நைந்த பகுதி. அதன் மூலம் சுவையானது. 1838-இல் கடலூருக்கு அருகிலுள்ள திருவந்திபுரத்தைச் சேர்ந்த தேவதாசிகள் ஐவரும் இசைக்கலைஞர் மூவரும் பாரிஸுக்கும் பின்பு லண்டனுக்கும் அழைத்துச் செல்லப்பட்டு ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்பவர்மேல் கவிஞர் தியோஃபில் கோத்தியே பெரும் ஈடுபாடு கொண்டு பத்திரிகையில் எழுதினார். மூன்றாண்டு கழித்து ‘ஜிசெல்’ கதையை எழுதியவர்களில் ஒருவர் இதே கோத்தியே. 1858-இல் அவர் கதை எழுத, பெட்டிபாவின் அண்ணன் லூசியன் பாரிஸ் ஓபராவில் ‘சகுந்தலை’ பாலேயை அமைத்தார். அதன் துஷ்யந்தன்தான் ‘லா பயாதேர்’ ராஜா துக்மந்தாவின் பெயரில் எதிரொலிக்கிறான். ஆனால் அம்மணி ஆடிய எதுவும் பெட்டிபாவின் அடிகளில் இல்லை. 1877-இன் விழா ஊர்வலத்துக்குக்கூட ஆதாரம், வேல்ஸ் இளவரசரின் 1875–76 இந்தியப் பயணத்தை வரைந்து காட்டிய லண்டன் பத்திரிகைப் படங்கள். மேடையில் இருநூறுக்கும் மேற்பட்டோர் நடந்த ஊர்வலம் அது. அதை அமைத்தவர்கள் யாரும் இந்தியாவைப் பார்த்தவரல்லர்.

வெறும் அறியாமை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். கரிய சாயம் பூசிய சிறுவர்கள் ஆடும் பகுதியைச் சிரித்துத் தள்ள முடியாது. பாரிஸ் ஓபரா 2015-இல் அந்த நடனத்தின் இழிவான பெயரை நீக்கி ‘குழந்தைகள் நடனம்’ என்றாக்கியது. 2019-இல் அமெரிக்க பாலேரினா மிஸ்டி கோப்லண்ட், இந்த பாலேக்காக முகத்தில் கரிபூசிய ரஷ்ய இளம் கலைஞர்களின் படத்தைப் பகிர்ந்து கண்டித்தபோது, மாஸ்கோவின் பல்ஷாய் அரங்கு மாற்ற மறுத்தது. மரபு என்பதே வாதம். அந்தப் பூச்சை நீக்கினால் ஓரடிகூடக் குறையாது. அது அடியிலும் இல்லை, இசையிலும் இல்லை, ஒப்பனை அறையில் மட்டுமே இருக்கிறது.

மறுகற்பனை செய்பவர்கள் இங்கேதான் கவனமாக இருக்கவேண்டும். ஒவ்வொரு பாலேயிலும் உயிர் வெவ்வேறு அடுக்கில் இருக்கிறது. ‘அன்னப்பறவை ஏரி’யில் அது சைக்கோவ்ஸ்கியின் இசையில். அதனால்தான் மேத்யூ போர்ன் 1995-இல் அன்னங்களை ஆண்களாக்கி, அடிகளை முற்றாக மாற்றியும் பிழைத்தார். ‘ஜிசெல்’லில் அது வர்க்க வேற்றுமையில் நசுங்கும் பெண்ணின் கதையில், 2016-இல் அக்ரம் கான் அதை ஆடைத் தொழிலாளர்களின் உலகத்துக்குக் கொண்டுபோய், இசையையே புதிதாக எழுதவைத்தும் நின்றார். ‘லா பயாதேர்’ இரண்டிலும் ஏழை. மின்குஸின் இசை இனிமையானது, அடிக்கு அளவெடுத்தது. தனியே நின்று ஒரு நாடகத்தைத் தாங்காது. கதையோ அஞ்சலட்டை. இதில் பொன்னாக இருப்பது அடிகளும் அவற்றின் வடிவக்கணக்கும்தான். அதைத் தூக்கி எறிந்துவிட்டு எதை மறுகற்பனை செய்வது?

டென்மார்க்கில் நிக்கொலாய் ஹூபெ 2012-இல் கதையை பிரிட்டிஷ் ஆட்சிக் கால இந்தியாவுக்கு நகர்த்தினார். துரோகத்துக்கு ஓர் அரசியல் காரணம் கிடைத்தது, ஆனால் அலங்காரப் பொருளாக இந்தியா அப்படியே இருந்தது. சென்னையில் பிறந்த ஷோபனா ஜெயசிங் 2015-இல் லண்டனில் செய்தது வேறு வகை: அவர் பாலேயைத் திருத்தப் போகவில்லை. இன்றைய இந்திய இளைஞன் ஒருவன் அந்த பாலேயைப் பார்த்துத் தன் நண்பனுக்கு விவரிப்பதில் தொடங்கி, அம்மணியை உற்றுப்பார்த்த கோத்தியேயின் கண்களை அந்த இளைஞன்மேலேயே திருப்பினார். கூர்மையான படைப்பு. அது ‘லா பயாதேர்’ பற்றிய விமரிசனம். அதற்கு மாற்று அல்ல.

மாற்று என்று சொல்லத்தக்கது 2024 மார்ச்சில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் வந்தது. ஃபில் சானும் டக் ஃபுல்லிங்டனும் கதையை 1930-களின் ஹாலிவுட் படப்பிடிப்புத் தளத்துக்கு மாற்றினார்கள். கோவில் பெண்கள் போய் கௌபாய் படத்தின் நடனப் பெண்கள் வந்தார்கள். மின்குஸின் மெட்டுகளை அந்தக் கால ஹாலிவுட் வாத்திய பாணியில் லேரி மூர் மறு அமைப்புச் செய்தார். கேட்டவுடன் மரபுவாதிகளுக்கு ரத்தம் கொதிக்கும். ஆனால் ஃபுல்லிங்டன் ஸ்டெபானவ் குறியீட்டைப் படிப்பதில் தேர்ந்தவர். அடிகளுக்கு அவர் போனது ஹார்வர்ட் தாள்களுக்கு. 1941-இன் ஒட்டுவேலைகளைத் தாண்டி 1900-இன் அடிகளைத் தேடிய பதிப்பு கௌபாய் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறது. தலைப்பாகையும் யானையுமாக வரும் ‘மரபு’ப் பதிப்பு 1948-இன் பொற்சிலையை ஆடவைக்கிறது. எதில் பெட்டிபா அதிகம் என்று கேட்டால், என் ஓட்டு தொப்பிக்குத்தான்.

குறை இல்லாமல் இல்லை. தீயின் முன் செய்த சத்தியத்துக்கு இருந்த கனம் ஒரு ஸ்டூடியோ ஒப்பந்தத்தில் வராது. ஆடியவர்களும் மாணவர்கள். 32 நிழல்களை நிறுத்தக்கூடிய பெரிய குழு ஒன்று இதைத் தொட்டால்தான் அந்த அடிகளின் முழு அளவு தெரியும். அத்தகைய குழுக்களிடமோ மகரோவாவின் அல்லது நூரியெவின் பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதற்கான மேடை அமைப்பும் நூற்றுக்கணக்கான உடைகளும் கிடங்கில் இருக்கின்றன, ஒத்திகை நடத்தப் பழகிய ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவற்றை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தைக்கப் பணம் கேட்டால் எந்த இயக்குநரும் முதலில் கேட்பது டிக்கெட் விற்குமா என்பதைத்தான்.